கிப்லா சுவர் முழுக்க ஜாலி வைக்கலாமா? கடலோரப் பள்ளிவாசலுக்குப் பகல் வெளிச்சம்

#1 ஹவுள்கரை

அஸ்ஸலாமு அலைக்கும். ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு புதுப் பள்ளிவாசல். தொழுகைக் கூடம் மட்டும் 15 மீ அகலம், 12 மீ ஆழம், 6 மீ உயரம். சஃப்புக்கு (தொழுகை வரிசைக்கு) 1.2 மீ, ஆளுக்கு 60 செ.மீ. என்று போட்டால் 10 சஃப், 250 பேர். வாசல் பின்பக்கம்.

இப்போது வரைபடத்தில் இருப்பது: கிப்லா சுவர் (தொழுபவர் நோக்கும் மக்கா பக்கச் சுவர்) முழுக்க சுடுமண் ஜாலி (துளைச் சுவர்). கூரையில் 40 வட்டத் துளைகள், மேலே பாலிகார்பனேட் மூடி. பக்கச் சுவர்களில் சாதாரண ஜன்னல். மனதில் வைத்து வரைந்தது இரண்டு கட்டடங்களை: டாக்காவின் பைத்துர் ரவூஃப், இந்தோனேசியாவில் பாண்டுங் பக்கத்து அல் இர்ஷாத். ஏசி கிடையாது. பட்டப்பகலில் டியூப்லைட் எரியக் கூடாது, ஜமாஅத் கேட்பது அவ்வளவுதான். எங்கே இடிக்கும், சொல்லுங்கள்.

#2 நிழல்மானி

வ அலைக்கும் ஸலாம் காக்கா (அண்ணன்). கிப்லா சுவரிலேயே இடிக்கும்.

ராமநாதபுரம் கடலோரம் என்பதால் கீழக்கரை அட்சரேகையை வைத்துப் போட்ட கணக்கு இது. கிப்லா 292.7 டிகிரி, அதாவது நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 23. ஜூன் 21-இல் அஸர் (பிற்பகல் தொழுகை) வக்து ஷாஃபி சட்டப் பிரிவின் கணக்கில் 3:45 வாக்கில் நுழையும். அந்த நேரம் சூரியன் 38.6 டிகிரி உயரத்தில் நிற்கும். நிற்கும் திசை? அதே 292.7. அங்கிருந்து மறையும்வரை 291.6-க்கும் 293.8-க்கும் நடுவிலேயே இறங்கும். மிஹ்ராபுக்கு (இமாம் நிற்கும் சுவர்க் குழிவுக்கு) நேர் பின்னால் ஒரு விளக்கைக் கட்டி மூன்று மணி நேரம் மெல்ல இறக்குவதுபோல. மே நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை சில டிகிரி வித்தியாசத்தில் இதே கதைதான்.

இன்னொன்று. ஐந்து வக்தில் ஃபஜ்ர், மஃரிப், இஷா (அதிகாலை, அந்தி, இரவு) மூன்றும் எப்படியும் விளக்கில்தான். பகல் வெளிச்சம் வேலை செய்ய வேண்டியது லுஹர் (நண்பகல் தொழுகை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ சேர்த்து), அஸர் இரண்டுக்கும். லுஹரில் வெயில் உச்சியிலிருந்து வரும், அஸரில் முன்னாலிருந்து வரும். இந்த இரண்டு திசைகளையும் அடைத்துவிட்டு மற்ற பக்கங்களிலிருந்து வெளிச்சம் எடுப்பதுதான் வடிவமைப்பு. உங்கள் வரைபடம் சரியாக அந்த இரண்டையும் திறந்துவிட்டு மற்றதை ஜன்னலுக்கு விட்டிருக்கிறது.

#3 செங்கல்சூளை

நிழல்மானி சார் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறார். ஜாலி என்பது வெறும் ஓட்டை அல்ல, அதற்குத் தடிமன் இருக்கிறது. 100 மி.மீ. தடிமனில் 50 மி.மீ. துளை போட்டால் 26.6 டிகிரிக்கு மேல் நிற்கும் வெயில் நேராக உள்ளே விழாது. ஜூனில் சூரியன் அந்த உயரத்துக்கு இறங்க 4:35 தாண்டிவிடும். அதற்குள் அஸர் கூட்டுத் தொழுகை முடிந்திருக்கும்.

அதே 100 மி.மீ. தடிமனில் துளையையும் 100 ஆக்கினால் 45 டிகிரிக்குக் கீழே எல்லா வெயிலும் உள்ளே. பல பேர் கோட்டைவிடும் இடம் இது. கடையில் கிடைக்கும் 8 அங்குல ஜாலியைப் பூ வேலைப்பாடு பார்த்து எடுக்கிறார்கள், துளைக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தை யாரும் அளப்பதில்லை.

#4 நிழல்மானி

கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண் கூசுவதற்கு நேர் வெயில் தேவையில்லை. வெளியே மேற்கு வானம் பளீரென்று இருக்கும், ஜாலியின் உள்முகம் நிழலில் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பில் ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள். ஜும்ஆ குத்பா (சொற்பொழிவு) முழுக்க உட்கார்ந்து அதையே பார்க்க வேண்டும். மிம்பரில் (உரை மேடையில்) நிற்பவர் முகம் தெரியாது, உருவம் மட்டும் நிழல்படம் மாதிரி தெரியும். தொழுபவர் கவனத்தைச் சிதறடிக்கும் அலங்காரம் கிப்லா பக்கம் மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்பார்கள். இங்கே வெளிச்சமே அந்த வேலையைச் செய்துவிடும்.

அதுவும் 26.6-க்குக் கீழே என்ன செய்வீர்கள்? அஸருக்குப் பின் குர்ஆன் ஓத உட்காருபவர்கள் இருக்கிறார்கள். ஹனஃபி கணக்கில் வருபவர்களுக்கு அஸரே ஏறத்தாழ 24 டிகிரியில்தான் தொடங்குகிறது.

#5 கொண்டல்

முன்மாதிரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பைத்துர் ரவூஃபின் படங்களைப் பார்த்து "செங்கல் ஜாலியும் கூரைத் துளையும்" என்று முடிவு கட்டுவது தவறு. மரீனா தபஸ்ஸும் 2012-இல் முடித்த கட்டடம், 2016-இல் ஆகா கான் விருது பெற்றது. மனையின் அச்சுக்கும் கிப்லாவுக்கும் 13 டிகிரி விலகல். அதைச் சமாளிக்க வெளிச் சதுரத்துக்குள் ஓர் உருளை, உருளைக்குள் திருப்பி வைத்த தொழுகைக் கூடம். கூடம் ஓரத்து 8 தூண்களில் நிற்கிறது. வெளிச் சுவருக்கும் கூடத்துக்கும் நடுவே வானம் பார்த்த முற்றங்கள் விழுகின்றன. பெரும்பாலான வெளிச்சம் அந்த முற்றங்களில் இறங்கி, செங்கலில் பட்டு, சிவந்து, பிறகுதான் உள்ளே வருகிறது. கூரைத் துளைகள் மேலே தூவிய உப்பு மாதிரி. கிப்லா சுவரில் இருப்பதும் ஒரே ஒரு செங்குத்துப் பிளவு.

இதை அப்படியே தெற்கே உங்கள் ஊருக்கு இறக்க முடியாததற்குக் காரணம் அட்சரேகை. டாக்கா கடகரேகைக்குச் சற்று வடக்கே. நண்பகல் சூரியன் அங்கே ஆண்டு முழுக்கத் தெற்குப் பக்கமே, ஜூனில் மட்டும் உச்சிக்கு வரும். உங்கள் ஊரில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் தலைக்கு நேர் மேலே. இடைப்பட்ட நான்கரை மாதம் சூரியன் வடக்குப் பக்கம். டாக்காவின் கிப்லாவும் மேற்கிலிருந்து 8 டிகிரிதான் வடக்கே. ஆக சுவர்களின் பார்வையே வேறு.

அல் இர்ஷாத் (2010, ரித்வான் கமில்) கிப்லா பக்கம் முழுவதும் திறப்பு, முன்னால் தண்ணீர், அப்பால் மலை. பாண்டுங் 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், வெயிலும் காற்றும் வேறு. உங்கள் மனைக்கு முன்னால் என்ன இருக்கிறது காக்கா?

#6 ஹவுள்கரை

முன்னால் தார் ரோடும் ஒரு ஐஸ் கம்பெனி மதிலும். மலை கிடையாது 🙂

சரி, கிப்லா சுவரை மூடுகிறோம். வெளிச்சம் எந்தப் பக்கம்?

#7 நிழல்மானி

கிப்லாவைப் பார்த்து நின்றால் வலக்கைச் சுவர். அது 22.7 டிகிரியை, அதாவது வடக்கு-வடகிழக்கைப் பார்க்கிறது. ஜூன் மாத அஸர் வெயில் இந்தச் சுவருக்கு இணையாக ஓடும், உள்ளே எட்டிப் பார்க்காது. நண்பகலில் அந்தச் சுவருக்கு எதிரே வெயிலின் சாய்வு 77 டிகிரி. 2.1 மீ உயரத் திறப்புக்கு அரை மீட்டர் சன்ஷேட் போதும். காலை வெயில் விழும்தான், ஆனால் அந்நேரம் கூடம் காலி. பெரிய திறப்பெல்லாம் இங்கே.

இடக்கைச் சுவர் நேர் எதிர். டிசம்பரில் நண்பகல் வெயில் இந்தப் பக்கம் 59 டிகிரியில் வரும். 2.1 மீ திறப்புக்கு 1.25 மீ நீட்டல் வேண்டும். டிசம்பர் அஸரில் (3:30 வாக்கில்) சாய்வு 36 டிகிரிக்கு இறங்கிவிடும், அதற்கு 2.9 மீ. சன்ஷேட்டால் ஆகாது, 3 மீ திண்ணை வராந்தா போடுங்கள். ஜும்ஆவுக்கு மிஞ்சும் கூட்டம் அங்கே நிற்கும், செலவு வீணாகாது.

பின்பக்கம் கிழக்கு-தென்கிழக்கு. காலை வெயில் மட்டும். நம் பழைய கல் பள்ளிவாசல்களில் உள்ளதுபோல ஒரு முன்மண்டபம் இருந்தால் அங்கே யோசிக்கவே வேண்டாம்.

#8 கொண்டல்

வெயில் கணக்கை மட்டும் பார்த்தால் வலக்கைச் சுவர் சரி. மழையைப் பார்த்தீர்களா? ராமநாதபுரத்துக்கு மழை என்பதே ஐப்பசி, கார்த்திகை. வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிக்கும். அரை மீட்டர் சன்ஷேட்டுக்கு அடியில் ஜாலி வைத்தால் முதல் மழையிலேயே வலது ஓரம் 2 மீட்டருக்கு விரிப்பு நனையும். நனைந்த விரிப்பு காயாது, நாறும்.

ஆகவே நீட்டல் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது, 1.5 நல்லது. ஜாலி தரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், 45 செ.மீ. குட்டைச் சுவருக்கு மேல். ஜாலித் துளைகளின் அடிப்பக்கம் வெளியே சரிந்திருக்க வேண்டும். சுவருக்கும் விரிப்புக்கும் நடுவே 60 செ.மீ. கல் பட்டை, சுவரை நோக்கி நூற்றுக்கு ஒன்று வாட்டம், குட்டைச் சுவரின் அடியில் மீட்டருக்கொரு வடிதுளை. உள்பக்கம் மரக் கதவோ அலுமினிய லூவரோ, அந்த இரண்டு மாதம் சாத்தி வைக்க.

காற்றுக்கு இந்த அமைப்பு நன்றாகவே பொருந்தும். கோடையில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது இடது வராந்தா வழியே நுழைந்து வலது ஜாலி வழியே வெளியேறும். அதனால் இடப்பக்கம் ஜாலி போட்டுக் காற்றைத் தடுக்காதீர்கள், வராந்தா நிழல் தருகிறது, திறப்பு பெரிதாகவே இருக்கட்டும். ஜாலிக்குள் காற்று நுழைவது கண்ணுக்குத் தெரியும் ஓட்டைப் பரப்பைவிட வெகு குறைவு. துளை சிறிதாகச் சிறிதாக உராய்வுதான் மிஞ்சும்.

#9 நிழல்மானி

மழை விஷயம் ஒத்துக்கொள்கிறேன், 1.5 மீ என்றே வையுங்கள். நீட்டலின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் இழக்கும் வெளிச்சத்தில் கொஞ்சம் திரும்ப வரும்.

#10 செங்கல்சூளை

ஜாலிப் பொருள். கடலோரம் என்பதால் இதில் சிக்கனம் பார்த்தால் திரும்ப அழ வேண்டியதுதான்.

சிமென்ட் ஜாலிக்குள் 6 மி.மீ. கம்பி வைத்து வார்ப்பது வழக்கம். மெல்லிய உறுப்பில் கம்பிக்கு மேல் 15 மி.மீ. கூட கான்கிரீட் இருக்காது. உப்புக் காற்று உள்ளே போகும், கம்பி துரு ஏறி ஊதும், மூலைகள் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கம்பியே இல்லாத சுடுமண், இல்லையென்றால் கண்ணாடி இழை கலந்த ஜிஆர்சி கான்கிரீட். லேசர் வெட்டிய எம்எஸ் (சாதா இரும்பு) தகடு வேண்டவே வேண்டாம். பெயின்ட் எத்தனை கோட்டிங் அடித்தாலும் வெட்டு முனையில்தான் துரு தொடங்கும். எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்திய) பலகையில் அரபெஸ்க் பூவேலை வெட்டி வைப்பது மண்டபத்துக்கு ஆகலாம், ஈரக்காற்றில் உப்பிவிடும்.

சுடுமண் வாங்கும்போது ஒன்றைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் சரியாக வேகவில்லை. ஓர் இரவு தண்ணீரில் போட்டு எடுத்துக் காயவைத்தால் வெள்ளையாக உப்புப் பூக்கிறதா என்று தெரியும். பூத்தால் அந்தச் சூளைச் சரக்கே வேண்டாம்.

ஜாலி பாரம் தாங்காது. 1.5 மீ அகலம், 2 மீ உயரத்துக்கு ஒரு கட்டம் என ஆர்சிசி சட்டம் போட்டு அதற்குள் அடுக்குங்கள். சட்டத்தின் உச்சியில் 10 மி.மீ. இடைவெளி விட்டு மாஸ்டிக் அடையுங்கள். அங்கே கலவை போட்டு இறுக்கினால் மேல் பீம் தொய்யும்போது முதல் வரிசை விரிசல் விடும்.

#11 தாழ்வாரம்

புறாவை யாரும் சொல்லவில்லையே. 100 மி.மீ. துளை என்றால் அது புறாவுக்கு வாடகையில்லா வீடு. 50 மி.மீ. துளையில் புறா நுழையாது, குருவி நுழையும். வலை போடுவதென்றால் எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத எஃகு), உள்பக்கம், கழற்றிக் கழுவும் சட்டத்தில். நிரந்தரமாக அறைந்துவிட்டால் ஒரே வருஷத்தில் தூசி அடைத்து ஜாலி சுவராகிவிடும்.

#12 மின்கோடு

கூரைத் துளைக்கு வருகிறேன். 40 துளைகள் என்றால் ஏப்ரல் நண்பகலில் விரிப்பின் மேல் 40 வெயில் வட்டங்கள். வட்டம் யார் தலையில் விழுகிறதோ அவர் சஃப்பில் நகர்ந்து நிற்பார், வரிசையில் இடைவெளி விழும். நீளத் துளையாக இருந்தால் இன்னும் மோசம், வெயில் கோடும் சஃப் கோடும் குறுக்குமறுக்காக விழும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஃபேன். துளைக்கு அடியில் சீலிங் ஃபேன் சுற்றினால் இறக்கை ஒவ்வொரு முறையும் வெயிலை வெட்டும். 300 சுற்று, 3 இறக்கை: நொடிக்கு 15 வெட்டு. ஸஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைக்கும்போது) விரிப்பே படபடவென்று துடிக்கும். சிலருக்குத் தலைவலி, வலிப்பு நோய் உள்ளவருக்கு ஆபத்து. ஃபேன் இடங்களை முதலில் குறியுங்கள், வெளிச்சத் திறப்பை அதற்குப் பிறகு. வரைபடத்தில் இது எப்போதும் தலைகீழாகவே நடக்கிறது, மின்வேலை கடைசியில் வருவதால்.

பாலிகார்பனேட் மூடி மஞ்சளாகும், கீறும். மழை பெய்தால் தகரக் கொட்டகைச் சத்தம், குத்பா கேட்காது. சூடும் சேர்த்துப் பாருங்கள்: உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 900 வாட் என்று வைத்தாலும் சாதாரணக் கண்ணாடி வழியே 700 வாட் இறங்கும். 5 சதுர மீட்டர் தட்டைக் கண்ணாடியின் சூட்டை இழுக்க ஒரு டன் ஏசி வேண்டும். ஏசியே இல்லாத கூடத்தில் அது முழுக்க முழுக்கத் தலைக்கு மேல்.

#13 ஹவுள்கரை

சரி, துளைகளை வரைபடத்திலிருந்து அடித்துவிட்டேன். ஆனால் கிப்லா சுவர் மூடினால் முன்பக்கம் இருட்டாக, கிடங்கு மாதிரி இருக்கும் என்று முத்தவல்லி (பள்ளிவாசல் நிர்வாகி) சொல்கிறார். சுவரை ஒட்டிக் கூரையில் 45 செ.மீ. நீளப்பிளவு விட்டு, வெளிச்சம் சுவரில் வழியும்படி செய்யலாமா?

#14 நிழல்மானி

செய்யலாம், இந்த முழு இழையிலும் எனக்குப் பிடித்த யோசனை இதுதான். ஆனால் சும்மா பிளவு விட்டால் கெட்டுப்போகும். ஜூன் அஸரில் 38.6 டிகிரி வெயில் 6 மீ உயரத்துப் பிளவில் நுழைந்தால் சுவரிலிருந்து 7.5 மீட்டரில், அதாவது ஏழாவது சஃப்பின் மேல், 15 மீட்டர் நீளத்துக்குக் கோடு போடும்.

பிளவைக் கிணறாக்குங்கள். 45 செ.மீ. அகலத்துக்கு மொத்த ஆழம் 90 செ.மீ., ஸ்லாப் தடிமன் 15 போக மேலே 75 செ.மீ. கைப்பிடிச் சுவர். 63 டிகிரிக்குக் கீழே எந்த வெயிலும் நேராக இறங்காது, கிணற்றின் வெள்ளைச் சுவரில் பட்டே இறங்கும். மிச்சம் நண்பகல். ஏப்ரல் நடுவில் சூரிய உச்சி 12:15. குத்பா முடியும் 1:15-க்கு உயரம் 75 டிகிரி, கோடு சுவரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் விழும். இமாமும் முதல் சஃப்பும் வேகும். அதனால் மேலே மூடுவது பால்வெள்ளை லேமினேட் கண்ணாடி, தெளிவுக் கண்ணாடி அல்ல.

கண்ணாடி 5 டிகிரியாவது சரிந்து கிப்லா பக்கம் வழிய வேண்டும். அதன் சட்டம் கைப்பிடிச் சுவரின் வெளி விளிம்பைத் தாண்டி 5 செ.மீ. தொங்கட்டும், அடியில் சொட்டுக் காடி. ஒழுகுவது எப்போதும் கண்ணாடியில் அல்ல, கைப்பிடிச் சுவரும் ஸ்லாபும் சேரும் மூலையில். வாட்டர்புரூஃபிங் பூச்சு அந்த மூலையில் உருண்டையாகத் திரும்பி 30 செ.மீ. மேலேற வேண்டும். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே 5 செ.மீ. வலை அடித்த இடைவெளி விடுங்கள், சூடான காற்று அதன் வழியே போய்விடும்.

சுவர் மினுங்கக் கூடாது. மேலிருந்து வழியும் வெளிச்சம் கிரானைட்டிலும் வழவழ டைல்ஸிலும் பளபளத்து எல்லாவற்றையும் கெடுக்கும். சுண்ணாம்புப் பூச்சு போதும். ஆனால் நூல் பிடித்துப் பூசுகிற கொத்தனார் வேண்டும், ஓரத்து வெளிச்சம் 3 மி.மீ. மேடு பள்ளத்தையும் காட்டிக் கொடுத்துவிடும்.

#15 மின்கோடு

முத்தவல்லிக்கு எண்ணாகச் சொல்லுங்கள்: தொழ 100–150 லக்ஸ் (வெளிச்ச அளவு) போதும், குர்ஆன் ஓத 300. மூடிய கார்த்திகை வானத்தில் வெளியே 10,000 லக்ஸ் என்றால் உள்ளே நூற்றுக்கு ஒன்றரை பங்கு வந்தாலே 150. ஓதும் இடத்தை வலது ஜாலி ஓரம் வையுங்கள், கூடம் முழுவதையும் 300-க்கு ஏற்ற வேண்டாம்.

விரிப்பு நிறமும் கணக்கில் வரும். கரும்பச்சை, மெரூன் விரிப்பு விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் திருப்பும். வெளிர் மணல் நிறம் மூன்று மடங்கு.

#16 தாழ்வாரம்

பெண்கள் பகுதி எங்கே?

#17 ஹவுள்கரை

பின்னால் மாடம், மரத்தட்டி மறைப்போடு. லாத்தா (அக்கா), அதில் என்ன பார்க்கணும்?

#18 தாழ்வாரம்

தட்டி மறைப்பதில்லை, வெளிச்ச வித்தியாசம்தான் மறைக்கிறது. இருட்டுப் பக்கத்திலிருந்து வெளிச்சப் பக்கம் தெரியும், திருப்பித் தெரியாது. பகலில் மாடம் கூடத்தைவிட மங்கலாக இருந்தால் அங்கிருந்து இமாம் தெரிவார், கீழிருந்து யாரும் தெரியமாட்டார்கள். இரவில் மாடத்து டியூப்லைட்டைப் போட்டதும் எல்லாம் தலைகீழ். பிறகு என்ன, யாராவது துணியைக் கட்டுவார்கள், காற்றும் போச்சு. மாட விளக்கு தனி சுவிட்சில், தட்டிக்குப் பின்னால் தாழ்வாக, தரையைப் பார்த்து இருக்கட்டும்.

மாடம் கூரைக்கு அடியில் இருப்பதால் சூடு முழுக்க அங்கேதான் தேங்கும். மாடத் தலைக்கு மேல் வலக்கைச் சுவரில் ஒரு வெளியேற்றத் திறப்பு கட்டாயம். வெளிச்சத்துக்கு இல்லை, மூச்சு விட.

#19 செங்கல்சூளை

ஆர்டர் கொடுக்குமுன் ஒரு கட்டத்துக்கு மட்டும் ஜாலி அடுக்கி மாதிரி பாருங்கள். நின்று பார்க்காதீர்கள். விரிப்பில் உட்கார்ந்து, கண் 75 செ.மீ. உயரத்தில். குத்பா கேட்பவர் பார்ப்பது அந்த உயரத்திலிருந்துதான்.

#20 ஹவுள்கரை

ஜஸாக்கல்லாஹ் கைர், எல்லோருக்கும். கடைசியாக ஒன்று. இந்தக் கணக்கு எல்லாமே 292.7-ஐ நம்பி நிற்கிறது. மனையில் ஃபோன் காம்பஸ் ஒரு இடத்தில் 289 காட்டுகிறது, நாலு அடி தள்ளினால் 296. அஸ்திவாரக் கம்பி வந்து இறங்கிவிட்டது.

#21 நிழல்மானி

அந்தக் கம்பிதான் முள்ளை இழுக்கிறது. காம்பஸை விடுங்கள். வருஷத்தில் இரண்டு முறை சூரியன் மக்காவின் கஃபாவுக்கு நேர் மேலே வரும்: மே 28-இல் நம் நேரம் 2:48, ஜூலை 16-இல் 2:57 (லீப் வருஷத்தில் ஒரு நாள் முன்னால்). அந்த நிமிஷம் உங்கள் மனையில் சூரியன் 50 டிகிரி உயரத்தில் கிப்லாவிலேயே நிற்கும். மூங்கில் முக்காலியில் 3 மீட்டர் தூக்குக்குண்டு கட்டுங்கள். நூலின் நிழல் தரையில் இரண்டரை மீட்டருக்கு விழும். நிழல் நுனியிலும் அடியிலும் ஆணி அடித்து நூல் பிடித்தால், நுனியிலிருந்து அடியை நோக்கிய திசை கிப்லா. மேகம் மறைத்தால் மறுநாள் அதே நிமிஷம் பாருங்கள், பெரிய பிழை வராது.

#22 ஹவுள்கரை

கச்சான் நேரம் காக்கா, நூல் ஆடுமே?

#23 செங்கல்சூளை

குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் முங்க விடுங்கள். ஆடாது.